சீலிங் மெஷினில் இருந்து கசியும் ரேடியோ அலை: தொழிலாளியின் உடலுக்குள் போகாமல் தடுப்பது எப்படி?

மழைக்கோட்டின் விளிம்பையோ, ரத்தம் சேமிக்கும் பையின் ஓரத்தையோ உற்றுப் பார்த்தால் தையலும் தெரியாது, பசையும் தெரியாது. இரண்டு பிளாஸ்டிக் தாள்கள் உருகி ஒன்றாகியிருக்கும். காற்றடைக்கும் படகு, தார்ப்பாய், காரின் உள்பக்க உறை என்று இப்படி ஒட்டப்படும் பொருட்கள் ஏராளம். இந்த வேலையைச் செய்வது ரேடியோ அலையால் இயங்கும் ஒரு மெஷின். ஆர்.எஃப். சீலர் என்பார்கள், ஹை ஃப்ரீக்வென்சி வெல்டிங் மெஷின் என்றும் சொல்வார்கள்.

பிளாஸ்டிக்கை உருக்கும் அந்த அலை பிளாஸ்டிக்கோடு நின்றுவிடுவதில்லை. மூடி மறைக்காத மெஷின் என்றால் சுற்றியுள்ள காற்றிலும் பரவும். ஆபரேட்டர் நிற்பது மெஷினில் இருந்து ஒரு கை தூரத்தில். தாளை விரலால் பிடித்துக்கொண்டே வேலை செய்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்புகளான நியோஷும் ஓஷாவும் சேர்ந்து 1979 டிசம்பரிலேயே இந்த மெஷின்களைப் பற்றித் தனி எச்சரிக்கை வெளியிட்டன. தடுக்கும் வழிகள் அப்போதே தெரிந்திருந்தன; அவற்றில் பெரும்பாலானவை செலவும் குறைவு. ஆனாலும் பேனல் கழற்றிய மெஷினுக்கு முன்னால் ஒருவர் நாள் முழுக்க நிற்கிறார் என்றால், அது அறிவியல் தெரியாததால் வந்த நிலை அல்ல. அந்த அறிவு மெஷின் பக்கத்தில் நிற்பவரிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். இந்தக் கட்டுரை அவருக்காகவும், அவருக்குப் பொறுப்பான சூப்பர்வைசருக்காகவும்.

மெஷினுக்குள் என்ன நடக்கிறது

மெஷினில் இரண்டு உலோக மின்முனைகள் இருக்கும். மேலே இருப்பது டை, கீழே இருப்பது படுகை. நடுவில் பிளாஸ்டிக் தாள்களை வைத்து அழுத்தி, மின்முனைகளுக்கு இடையே வேகமாகத் திசை மாறும் மின்புலத்தை உண்டாக்குகிறார்கள். பெரும்பாலான சீலர்கள் 27.12 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. மின்புலம் ஒரு விநாடிக்கு 2 கோடியே 71 லட்சம் முறை முன்னும் பின்னும் சுழன்று வருகிறது என்று அர்த்தம். பி.வி.சி. மூலக்கூறுகளில் ஒரு பக்கம் நேர்மின் சாயல், மறுபக்கம் எதிர்மின் சாயல் இருப்பதால் அவை இந்த மாற்றத்தோடு சேர்ந்து அசைய முயல்கின்றன. அந்த உரசலே வெப்பமாகிறது. பாலிஎத்திலீனுக்கு இந்தச் சாயல் கிடையாது. அதனால் அதை இந்த முறையில் ஒட்ட முடியாது.

நம் உடலோ பெரும்பகுதி தண்ணீரும் உப்பும். தண்ணீர் மூலக்கூறுக்கும் இதே சாயல் உண்டு, உப்புக் கரைசல் மின்சாரத்தையும் கடத்தும். ஆகவே இந்த மின்புலத்துக்குள் வரும் உடலும் சூடாகும்.

27.12 என்ற எண்ணைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 13.56, 27.12, 40.68 மெகாஹெர்ட்ஸ் போன்றவை தொழிற்சாலை, மருத்துவ, அறிவியல் கருவிகளுக்காகச் சர்வதேச அளவில் ஒதுக்கப்பட்டவை. இதைக் கேட்டதும், "அனுமதித்த அலைவரிசைதானே, அப்படியென்றால் பாதுகாப்பானதுதானே" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒதுக்கியதன் காரணம் வேறு. வானொலி, தகவல் தொடர்பு போன்றவற்றுக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மனித உடலைக் கணக்கில் வைத்து அந்த எண்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. இன்னும் சொன்னால், 27.12 மெகாஹெர்ட்ஸ் நம் உடலுக்குச் சாதகமில்லாத இடத்தில் இருக்கிறது. உடலின் உயரமும் அலையின் நீளமும் ஒத்துப்போகும்போது உடல் அதிகமாக அலையை உறிஞ்சும். தரையோடு மின்தொடர்பில் நிற்கும் பெரியவருக்கு அந்த உச்சம் சுமார் 35 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. தரையோடு தொடர்பில்லாமல் இருந்தால் சுமார் 70-ல் வருகிறது. சீலர் இயங்கும் அலைவரிசை முதல் உச்சத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

எக்ஸ்ரே மாதிரியா?

இல்லை. கதிர்வீச்சு என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்துவதால் வரும் குழப்பம் இது. எக்ஸ்ரேயும் அணுக்கதிரும் அணுவில் இருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எடுக்கும் அளவுக்கு ஆற்றல் உள்ளவை. அதற்குச் சுமார் 10 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகளில் (ஃபோட்டானில்) இருப்பது அதில் ஏறக்குறைய பத்துக் கோடியில் ஒரு பங்கு. எவ்வளவு சக்திவாய்ந்த மெஷினாக இருந்தாலும் இந்த ஒற்றைத் துகளின் ஆற்றல் கூடாது. மெஷினை அணைத்த நொடியே அலையும் நின்றுவிடும்; அறையிலோ பொருளிலோ உடலிலோ எதுவும் மிஞ்சி இருக்காது. ஈய ஏப்ரன் மாட்டிக்கொள்வதாலும் இங்கே பயனில்லை.

அப்படியானால் கவலை எதற்கு? முதல் காரணம் வெப்பம். வெயிலில் நின்றால் தோல் சுடும், நாம் நகர்ந்துவிடுவோம். சூட்டை உணரும் நரம்புகள் பெரும்பாலும் தோலில்தான் இருக்கின்றன. 27 மெகாஹெர்ட்ஸ் அலையோ தோலைத் தாண்டி உள்ளே ஆழமாகச் செல்கிறது. உள்ளே தசை சூடாகிக்கொண்டிருக்கும்போது தோல் நம்மை எச்சரிக்காமல் இருந்துவிடலாம். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று ஒரு ஆபரேட்டர் சொல்வது பொய் அல்ல. ஆனால் அதை வைத்து மெஷின் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்யவும் முடியாது. ரத்த ஓட்டம் குறைவான உறுப்புகள் சூட்டை வெளியேற்றச் சிரமப்படும். கண் வில்லை அதற்கு உதாரணம். விதைப்பையும் வெப்பத்தைத் தாங்காது.

இரண்டாவது, கணுக்காலும் மணிக்கட்டும். மின்புலத்தில் நிற்கும் உடலுக்குள் ஒரு மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அது கால் வழியாகத் தரைக்கு இறங்கும். தொடையில் பரந்து வரும் அந்த மின்னோட்டம், அகலமான வாய்க்கால் ஓரிடத்தில் குறுகினால் தண்ணீர் வேகம் எடுப்பதுபோல, கணுக்காலில் வந்து குவிகிறது. அங்கே பெரும்பாலும் எலும்பும் தசைநாரும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் தசை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச இடத்தில் ஓட்டம் நெருங்கும்போது சூடு கூடுகிறது. மெஷினைத் தொட்டபடி வேலை செய்தால் மணிக்கட்டிலும் இதே கதை. உடல் முழுவதற்கான சராசரி அளவு வரம்புக்குள் இருக்கும்போதே கணுக்காலில் வரம்பு மீறுவது உண்டு. சீலர்களில் இதைத் தனியாகப் பார்க்காமல் விடக் கூடாது.

மூன்றாவது, தொட்டால் வரும் தீக்காயம். மெஷின் பக்கத்தில் இருக்கும் உலோக ரேக், நாற்காலி, மேசைக் கால் எல்லாம் அலையைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தொடும்போது விரல் நுனியில் சுள்ளென்று சுடும். காயம் சிறியதாகத் தெரிந்தாலும் ஆழமாக இருக்கலாம். கை விரல்களில் மரத்துப்போன உணர்வு, கூச்சம் வருவதாகவும் சீலர் ஆபரேட்டர்களிடம் நடந்த ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

புற்றுநோய் பற்றியும் ஒரு வார்த்தை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-ல் ரேடியோ அலைப் புலங்களை '2பி' பிரிவில் வைத்தது. புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியத்தை ஒதுக்கிவிட முடியாது, ஆனால் சான்று குறைவு என்பது அதன் பொருள். இதை வைத்து ஆபரேட்டரைப் பயமுறுத்துவது நியாயமில்லை. வெப்பமும் மின்னோட்டமும் நிச்சயமாகத் தெரிந்த பாதிப்புகள். நடவடிக்கை எடுக்க அவையே போதுமான காரணம்.

எவ்வளவு வரை அனுமதி

பல நாடுகள் பின்பற்றும் வழிகாட்டுதல் ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. என்ற, ரேடியோ அலை போன்ற அயனியாக்காத கதிர்வீச்சில் இருந்து பாதுகாப்பதற்கான சர்வதேச ஆணையத்தினுடையது. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 4 வாட் என்ற அளவில் ஆற்றல் உள்ளே போனால் உடல் வெப்பம் சுமார் 1 டிகிரி செல்சியஸ் உயரலாம். அதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது கிலோவுக்கு 0.4 வாட்டை, தொழிலாளிகளுக்கான வரம்பாக வைத்திருக்கிறார்கள். பொதுமக்களுக்கு 0.08 வாட். பொதுமக்களில் குழந்தையும் நோயாளியும் இருப்பார்கள், ஆபத்து இருப்பதே தெரியாதவர்களும் இருப்பார்கள். அதனால்தான் இந்த வித்தியாசம். தொழிலாளிக்குக் கூடுதல் வரம்பு தருகிறார்கள் என்றால், அவருக்கு விஷயம் சொல்லப்பட்டிருக்கிறது, பயிற்சி தரப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் தருகிறார்கள். பயிற்சியே தராத இடத்தில் கூடுதல் வரம்பை மட்டும் எடுத்துக்கொள்வது சரியில்லை என்பது என் கருத்து.

உடலுக்குள் வாட்டை அளக்க முடியாது என்பதால் வெளியில் அளக்கக்கூடிய எண்களும் தரப்பட்டிருக்கின்றன. 1998-ல் வெளியான வழிகாட்டுதலின்படி 27.12 மெகாஹெர்ட்ஸில் தொழிலாளிகளுக்கு மின்புலம் மீட்டருக்கு 61 வோல்ட், காந்தப்புலம் மீட்டருக்கு 0.16 ஆம்பியர். 2020-ல் திருத்தியபோது இவை சற்றே மாறின. மின்புலம் சுமார் 65 வோல்ட்டுக்கு வந்தது. கை, கால் வழியே ஓடும் மின்னோட்டத்துக்கு வரம்பு 100 மில்லிஆம்பியர். உங்கள் நாட்டுச் சட்டத்தில் வேறு எண் இருக்கலாம். அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வொன்றுக்கும் தனி விதி உண்டு. எந்த எண்ணை எடுத்தாலும் அது சராசரி எண் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 1998 விதியில் 6 நிமிடச் சராசரி. 2020-ல் முழு உடலுக்கு 30 நிமிடம், கை கால் மின்னோட்டத்துக்கு 6 நிமிடம்.

இந்தச் சராசரியைக் கணக்கிடும் விதம் பலருக்குப் புதிது. ஒரு சீலர் 25 விநாடிக்கு ஒருமுறை 5 விநாடி மட்டும் அலையைச் செலுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அலை ஓடும்போது ஆபரேட்டர் நிற்கும் இடத்தில் மின்புலம் மீட்டருக்கு 120 வோல்ட். 120-ஐ ஐந்தால் வகுத்து 24 என்று சொல்லக் கூடாது. சூடு மின்புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 120-ன் வர்க்கம் 14,400. அதில் ஐந்தில் ஒரு பங்கு 2,880. அதன் வர்க்கமூலம் சுமார் 54. வரம்புக்குள் வந்துவிட்டது, ஆனால் மயிரிழையில். வேலை அவசரம் என்று 15 விநாடிக்கு ஒருமுறை ஒட்ட ஆரம்பித்தால் அதே மெஷின், அதே இடம், 69 வோல்ட்டுக்குப் போய்விடும். உற்பத்தி இலக்கைக் கூட்டுகிறவர்கள் இந்தக் கணக்கையும் கூடவே போட வேண்டும். தொட்டால் வரும் தீக்காயத்துக்கு இந்தச் சராசரிக் கணக்கு எதுவும் பொருந்தாது. அது ஒரு நொடியில் நடந்து முடியும்.

முதலில் மூட வேண்டும்

தடுப்பு வழிகளில் முதல் இடம் ஷீல்டுக்கு. டையைச் சுற்றி அலுமினியத்தாலோ செம்பாலோ ஒரு பெட்டி. பிரஸ் கீழே இறங்கும்போது பெட்டியும் இறங்கிப் படுகையைத் தொட்டு மூடிக்கொள்ள வேண்டும். மூடிய பிறகே அலை ஓட வேண்டும். அதற்குத்தான் இன்டர்லாக் ஸ்விட்ச். பெட்டி சரியாக அமைந்துவிட்டால் ஆபரேட்டர் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. களைப்பாக இருக்கும் நாளிலும் அது அவரைக் காக்கும்.

தகடு எவ்வளவு கனமாக இருக்க வேண்டும்? ஆச்சரியமான பதில்: கனம் ஒரு பொருட்டே இல்லை. 27 மெகாஹெர்ட்ஸ் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான ஆழம் வரைதான் போகிறது. சாதாரணத் தகடே தாராளம். கசிவு வருவது இடுக்கு வழியாக. இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் பெயின்ட் இருந்தால் உலோகம் உலோகத்தைத் தொடாது. கண்ணுக்கு மூடியதுபோல் தெரிந்தாலும் மின்னோட்டத்துக்கு அது திறந்த வாசல். எட்டுத் திருகு இருக்க வேண்டிய பேனலில் இரண்டே திருகு மாட்டியிருந்தால் நடுவில் நீளமான இடுக்கு உண்டாகும். பெட்டியும் படுகையும் சந்திக்கும் விளிம்பில் ஸ்பிரிங்போல வளையும் செம்புப் பட்டைகள் வைப்பார்கள். அவை அழுக்கடைந்தாலோ உடைந்தாலோ கசிவு மீண்டும் ஆரம்பித்துவிடும்.

ஷீல்டைக் கழற்றிப் போடுவதற்கு ஆபரேட்டர்கள் சொல்லும் காரணம், "இதை மாட்டினால் ஒட்டு சரியாக வரவில்லை". அது உண்மையான புகார்தான். டைக்குப் பக்கத்தில் எர்த் செய்த உலோகம் வந்ததும் மெஷினின் டியூனிங் மாறுகிறது. பிளாஸ்டிக்குப் போக வேண்டிய சக்தி சரியாகப் போகாது. இதற்குத் தீர்வு ஷீல்டோடு சேர்த்து மறுபடி டியூன் செய்வது. அதைச் செய்யாமல் ஷீல்டை மட்டும் மாட்டிவிட்டுப் போகும் டெக்னீஷியன் வேலையைப் பாதியில் விட்டவர். கழற்றிய ஆபரேட்டரைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

தார்ப்பாய்போல் பெரிய பொருட்களில் முழுதாக மூட முடியாது. துணி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்போதும் துணி நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு மெல்லிய இடைவெளி விட்டு மற்றப் பக்கங்களை மூடலாம். பாதி ஷீல்டு என்றாலும் அளந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

எர்த் இருக்கிறது என்பது போதாது

இந்தத் தவறை நல்ல எலக்ட்ரீஷியன்களே செய்வார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். மெஷினுக்கு ஒரு எர்த் கம்பி போட்டிருப்பார்கள். மல்டிமீட்டரில் பார்த்தால் மின்தடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு அது அருமையான எர்த். ஷாக் அடிக்காமல் காக்கும். அதை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றவே கூடாது.

27 மெகாஹெர்ட்ஸுக்கு அதே கம்பி வேறு பொருள். ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கம்பியின் தூண்டல், அதாவது மாறும் மின்னோட்டத்தை எதிர்க்கும் தன்மை, சுமார் 1 மைக்ரோஹென்றி. இந்த அலைவரிசையில் அது ஏறக்குறைய 170 ஓம் தடையாக நிற்கிறது. அதற்கு மேல் இன்னொரு சிக்கல். 27.12 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது ஏறத்தாழ 2.75 மீட்டர் நீளத்துக்குக் கம்பி இருந்தால், ஒரு முனையில் எர்த் செய்திருந்தாலும் மறுமுனையில் கம்பியே இல்லாததுபோல் ஆகிவிடும். கூடவே அந்தக் கம்பி ஆன்டெனாவாகி அலையை வீசவும் செய்யும். ஆக, மெஷினில் இருந்து சுவர் ஓரமாக இழுத்துக்கொண்டு போன நீளமான கம்பி ரேடியோ அலைக்கு எர்த்தே அல்ல.

வேண்டியது குட்டையான, அகலமான செம்புப் பட்டை. வட்டக் கம்பியைவிட அகலப் பட்டைக்குத் தூண்டல் குறைவு. ஷீல்டையும் மெஷின் உடலையும், மேல் பகுதியையும் படுகையையும் இப்படிப் பல இடங்களில் இணைக்க வேண்டும். மின்னோட்டம் மெஷினுக்குள்ளேயே குறுகிய பாதையில் திரும்பிப் போக வழி கிடைத்தால், ஆபரேட்டர் உடல் வழியாகச் சுற்றிப் போகும் பங்கு குறையும்.

தள்ளி நிற்பது, தரையிலிருந்து உயர்ந்து நிற்பது

மின்முனைக்கு அருகில் புலம் மிக வேகமாகக் குறைகிறது. தூரத்தை இரண்டு மடங்காக்கினால் புலம் பாதியை விடவும் வெகுவாகக் கீழே போகும். இரு கைப் பொத்தான்களையும் பெடலையும் அரை மீட்டர் பின்னால் நகர்த்துவது பெரிய செலவில்லை. அதனால் நாள் முழுக்க உடல் நிற்கும் இடமே மாறிவிடும். தாளைக் கையால் பிடிக்காமல், உலோகமில்லாத கிளிப்பாலோ சட்டத்தாலோ பிடிக்கலாம். முன்னும் பின்னும் நகரும் தட்டு, சுழலும் மேசை போன்றவை இருந்தால், ஒரு பக்கம் ஒட்டு நடக்கும்போது ஆபரேட்டர் தள்ளி நின்று மறுபக்கம் அடுத்ததை வைத்துக்கொண்டிருப்பார். உற்பத்தியும் கூடும் என்பதால் முதலாளியிடம் கேட்கத் தயங்க வேண்டிய மாற்றமும் இல்லை.

கணுக்கால் மின்னோட்டத்தைக் குறைக்க ஒரு எளிய வழி, காலுக்கும் தரைக்கும் நடுவில் இடைவெளி. கம்பி பதித்த கான்கிரீட் தரையோ உலோகத் தட்டோ மின்னோட்டத்துக்கு வசதியான பாதை. உலர்ந்த மரத்தால் உயரமான மேடை போட்டு அதில் நிற்க வைத்தால் கால் வழியே ஓடும் மின்னோட்டம் குறையும். மெல்லிய ரப்பர் பாய் இந்த அலைவரிசையில் பெரிதாகத் தடுக்காது. தடிமனும் காற்று இடைவெளியும்தான் வேலை செய்யும். ஈரமான தரையும் ஈரமான மேடையும் உதவாது.

சுற்றியுள்ள உலோகத்தையும் விலக்குங்கள். இரும்பு ஸ்டூலுக்குப் பதில் மர ஸ்டூல். உலோக ரேக்கைத் தள்ளி வைக்கலாம். வேலை நேரத்தில் மோதிரம், வளையல், உலோகப் பட்டையுள்ள கடிகாரம் வேண்டாம்.

உலோக இழை கலந்த பாதுகாப்பு ஆடைகள் உண்டு. ஒலிபரப்புக் கோபுரங்களில் ஏறுபவர்கள் அணிவார்கள். சீலர் வேலைக்கு அதை முதல் தீர்வாக யாராவது விற்க வந்தால் ஏற்க வேண்டாம். மெஷின் கசிய அனுமதித்துவிட்டு மனிதரைப் போர்த்துவது தலைகீழான வரிசை.

மற்ற மெஷின்கள்

இண்டக்ஷன் ஹீட்டரில் மின்புலத்தைவிடக் காந்தப்புலமே பெரியது. உலோகத்தைச் சூடாக்கும் சுருளுக்குப் பக்கத்தில் அது மிக வலுவாக இருக்கும், தள்ளிப்போனால் சட்டென்று குறையும். 100 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்குபவற்றில் சூட்டைவிட நரம்பு தூண்டப்படுவதே முக்கியப் பிரச்சினை. சுருளுக்குள் பொருளைக் கையால் வைத்து எடுக்காமல் நீளமான, உலோகமில்லாத இடுக்கியால் செய்வதும், வேலை நிலையைப் பின்னால் தள்ளுவதும் இங்கே முதல் வழி. மின்புலத்தைத் தடுக்கும் மெல்லிய உறை குறைந்த அலைவரிசைக் காந்தப்புலத்தை அப்படியே விட்டுவிடும்.

மைக்ரோவேவ் டிரையர் 915 அல்லது 2450 மெகாஹெர்ட்ஸில் ஓடும். 2450-ல் அலை நீளம் 12 சென்டிமீட்டர்தான். சிறிய இடுக்கும் பெரிய வாசல். கதவு விளிம்பு, கீல், பெல்ட் நுழையும் வாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வாயுவை மின்னேற்றி வேலை செய்யும் பிளாஸ்மா கருவிகள் பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ், நன்றாக மூடியே வரும். பராமரிப்புக்குப் பிறகு பேனலைச் சரியாக மாட்டாததுதான் அங்கே வரும் தொல்லை.

யாருக்குக் கூடுதல் கவனம்

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும், இன்சுலின் பம்ப் போன்ற மின்னணுச் சாதனம் அணிந்தவர்களும் தொழிலாளிக்கான வரம்புக்குள் இருந்தாலும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது, சாதனமே தடுமாறலாம். எலும்பில் உலோகத் தகடு வைத்தவர்களுக்கு அந்த இடம் சூடாகலாம். இவர்களை மருத்துவரிடம் கேட்காமல் சீலர் பக்கம் அமர்த்தக் கூடாது. கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை 2020 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: தாய் தொழிலாளி என்றாலும் வயிற்றில் உள்ள குழந்தை பொதுமக்களில் ஒருவர், பொதுமக்கள் வரம்பே பொருந்தும். நடைமுறையில் பார்த்தால், கசிவு அளக்காத மெஷினில் இருந்து அவரை வேறு வேலைக்கு மாற்ற வேண்டும், சம்பளம் குறையாமல்.

அளந்து பார்ப்பது

பழைய ஆட்கள் ஒரு டியூப் லைட்டை மெஷின் பக்கத்தில் பிடித்துக் காட்டுவார்கள். வயர் இல்லாமலே எரியும். பக்கத்தில் வலுவான புலம் இருக்கிறது என்று அது காட்டும். எரியவில்லை என்றால் ஆபத்தில்லை என்று அது சொல்லாது. அளப்பதற்கு உரிய கருவி வேண்டும்.

ஆபரேட்டர் நிற்பது அலை நீளத்தில் ஒரு சிறு பங்கு தூரத்தில். 27.12 மெகாஹெர்ட்ஸில் சுமார் 1.8 மீட்டருக்குள் இருப்பது எல்லாம் அண்மைப் புலம். அங்கே மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றுக்கொன்று நிலையான விகிதத்தில் இருக்காது. ஒன்றை அளந்து மற்றதைக் கணக்கிட முடியாது. அதனால் இரண்டுக்கும் தனித்தனி ப்ரோப் (புலத்தை உணரும் முனை) வைத்து அளக்க வேண்டும். சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று ஒரே ஒரு எண் மட்டும் உள்ள அறிக்கையைச் சீலருக்கு ஏற்காதீர்கள். ஆபரேட்டரை நகரச் சொல்லிவிட்டு அவர் நிற்கும் இடத்தில் தலை, நெஞ்சு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று பல உயரங்களில் அளக்க வேண்டும். கால் மின்னோட்டத்தை மட்டும் ஆபரேட்டரை நிற்க வைத்தே, கணுக்காலைச் சுற்றி மாட்டும் கிளாம்ப் மீட்டரால் அளக்க வேண்டும். வழக்கமாக ஓடும் டையும் தாளும் போட்டு, வழக்கமான சக்தியில், வழக்கமான வேகத்தில் மெஷின் ஓட வேண்டும். அளக்க வருகிறார்கள் என்று மெதுவாக ஓட்டினால் கிடைக்கும் எண் யாருக்கும் உதவாது.

டை மாற்றினால், சக்தியைக் கூட்டினால், மெஷினை வேறு இடத்துக்கு நகர்த்தினால், ஷீல்டைக் கழற்றி மாட்டினால், மறுபடி அளக்க வேண்டும். அளந்த எண்களைத் தேதியோடும், எந்த டை, எத்தனை விநாடி ஒட்டு என்ற விவரத்தோடும் எழுதி மெஷினிலேயே ஒட்டி வைக்கலாம். அங்கே வேலை செய்பவருக்கு அந்த எண்ணைப் பார்க்கவும், அது என்ன என்று கேட்கவும், பதில் கிடைக்கும்வரை பொத்தானை அழுத்தாமல் இருக்கவும் உரிமை உண்டு.